கார் ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) ஓடவில்லையா? ஸ்க்ரூடிரைவரை எடுக்கும் முன்

"ஆம்ப் அவுட்டு" என்று சொல்லி என் மேசைக்கு வரும் பெட்டிகளில் பல, பவர் கொடுத்ததும் ஒழுங்காகவே பாடும். கோளாறு வண்டியில் இருக்கும். அதனால் ஆம்பைக் கழற்றாமல், அது இருக்கும் இடத்திலேயே முதலில் மல்டிமீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்வேன்.

பார்க்க வேண்டியது மூன்று ஒயர்: பேட்டரி பிளஸ், எர்த், ரிமோட் (ஸ்டீரியோவிலிருந்து வந்து ஆம்பை ஆன் செய்யும் ஒயர்). மீட்டரின் கறுப்பு முனையை ஆம்பின் எர்த் டெர்மினலிலேயே வையுங்கள். வண்டி பாடியில் வைத்தால், எர்த் ஒயர் அறுந்தே கிடந்தாலும் மீட்டர் 12 வோல்ட் காட்டி ஏமாற்றிவிடும். இன்ஜின் ஓடாதபோது பிளஸில் பன்னிரண்டரைக்குப் பக்கத்தில், ஓடும்போது 14 வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டும். ஒன்றுமே வரவில்லை என்றால் எர்த் ஒயரையும் பேட்டரி பக்கத்து ஃப்யூஸையும் பாருங்கள். கண்ணுக்கு நன்றாகத் தெரிகிற ஃப்யூஸ்கூட உள்ளே விட்டிருக்கும், மீட்டரைத்தான் நம்ப வேண்டும். ரிமோட்டில் வோல்ட் வரவில்லை என்றால், பிளஸ் டெர்மினலிலிருந்து சின்ன ஒயர் ஒன்றால் ரிமோட்டைத் தொட்டுப் பாருங்கள். ஆம்ப் உயிர்பெற்றால் கோளாறு ஸ்டீரியோ பக்கம்.

அடுத்தது எர்த். சத்தத்தைக் கூட்டினால் ஆம்ப் அணைந்து அணைந்து வருகிறதா? பாட்டு சத்தமாக ஓடும்போது பேட்டரி மைனஸுக்கும் ஆம்ப் எர்த் டெர்மினலுக்கும் நடுவில் எத்தனை வோல்ட் என்று அளந்து பாருங்கள். அரை வோல்ட்டைத் தாண்டினால் அந்தப் பாதையில் எங்கோ இணைப்பு சரியில்லை. பெயின்டின் மேலேயே போல்ட்டை முறுக்கியிருப்பார்கள். சுரண்டி, இரும்பு பளபளவென்று தெரிந்த பிறகுதான் ஒயர் முனையில் இருக்கும் வளையமான லக்கை வைக்க வேண்டும்.

கோளாறு கண்டு ஆம்ப் தன்னை நிறுத்திக்கொண்டதைக் காட்டும் புரொடெக்ட் விளக்கு சிவப்பாக எரிந்தால் ஸ்பீக்கர் ஒயர்களையும், ஸ்டீரியோவிலிருந்து பாட்டைக் கொண்டுவரும் ஆர்சிஏ ஒயர்களையும் உருவிவிட்டு, அந்த மூன்று ஒயரோடு மட்டும் ஆன் செய்யுங்கள். விளக்கு பச்சைக்கு மாறினால் ஆம்ப் நிரபராதி. ஒவ்வொரு ஸ்பீக்கர் ஒயருக்கும் வண்டி பாடிக்கும் நடுவில் ஓம்ஸ் பாருங்கள். எதிலாவது ஓம்ஸ் காட்டினால், கதவுக்குள் எங்கோ ஒயர் உரசி எர்த் ஆகியிருக்கிறது. 4 ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் மூன்றரை ஓம் அளவுக்குக் காட்டும், அது சரிதான். ஒரு ஓம் என்றால் காயில் வெந்துபோயிருக்கிறது. எல்லாவற்றையும் உருவிய பிறகும் சிவப்பே எரிந்தால், அல்லது ஃப்யூஸ் போட்ட நொடியே போனால், சரி, இப்போது திறக்கலாம். ஃப்யூஸ் போகிறதே என்று பெரிய ஃப்யூஸ் மட்டும் போட வேண்டாம். போர்டில் காப்பர் டிராக் எரிந்து கருகிப்போவது பெரும்பாலும் அப்படித்தான்.

பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டு ஆம்பை வெளியே எடுங்கள். உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டர்களில் சார்ஜ் தங்கியிருக்கும், ஒரு ரெசிஸ்டர் வைத்து இறக்கிவிடுங்கள். ஆர்சிஏ சாக்கெட், ஸ்பீக்கர் டெர்மினல், டொராய்டு (வளைய வடிவ) டிரான்ஸ்பார்மரின் கால்கள் ஆகியவற்றின் அடியில் சால்டரைச் சாய்வான வெளிச்சத்தில் பாருங்கள். காலைச் சுற்றி மெல்லிய வளையம் மாதிரி விரிசல் தெரிந்தால், வண்டியின் அதிர்விலேயே சால்டர் விட்டிருக்கிறது. மறுபடி சால்டர் வைத்தாலே பல ஆம்ப்கள் சரியாகிவிடும்.

ஃப்யூஸ் போகிற ஆம்பில் சந்தேகம் முதலில் பவர் சப்ளை மாஸ்ஃபெட்கள் மேல்தான். 12 வோல்ட்டை ஏற்றித் தருவதற்காக, இரு பக்கமாகப் பிரிந்து மாறி மாறி ஆன்-ஆஃப் ஆகும் டிரான்சிஸ்டர்கள் இவை. கேட், டிரெய்ன், சோர்ஸ் என்று மூன்று கால்கள், கேட்டுக்கு வரும் சிக்னல்தான் ஆன் செய்யும். ஐஆர்எஃப் 3205, இசட் 44 போன்றவை வரிசையாக ஹீட்சிங்கில் இறுக்கப்பட்டிருக்கும். இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். ஒன்று ஷார்ட் ஆனால், டிரெய்னுக்கும் சோர்ஸுக்கும் நடுவில் எல்லாமே ஷார்ட் என்று மீட்டர் சொல்லும். ஒரு பக்கத்து மாஸ்ஃபெட்கள் பேரலலாக இருக்கின்றன, இரு பக்கத்தின் டிரெய்ன்களையும் டிரான்ஸ்பார்மர் காயில் சேர்த்துவிடுகிறது. ஆனால் ஒவ்வொரு கேட்டுக்கும் பெரும்பாலும் தனி ரெசிஸ்டர் உண்டு. அதனால் கேட் காலுக்கும் சோர்ஸ் காலுக்கும் நடுவில் ஓம்ஸ் பாருங்கள். எது மற்றவற்றைவிட மிகக் குறைவாகக் காட்டுகிறதோ, அதுதான் பெரும்பாலும் குற்றவாளி. கழற்றிவிட்டுத் திரும்ப அளந்து உறுதி செய்யுங்கள். எல்லாவற்றையும் கழற்றிய பிறகும் பிளஸும் எர்த்தும் ஷார்ட் என்றால், டெர்மினல் பக்கத்தில் இருக்கும் ரிவர்ஸ் டையோடைப் பாருங்கள். யாரோ பிளஸ் மைனஸை மாற்றிக் கொடுத்திருப்பார்கள்.

ஒன்றுதான் போயிருந்தாலும் நான் அந்தப் பக்கம் முழுவதையும் ஒரே எண், ஒரே லாட்டில் மாற்றுவேன். ஆனால் உடனே புதியதைப் பொருத்த மாட்டேன். எது கொன்றது என்று தெரியாமல் பொருத்தினால் புதியதும் புகைந்துபோகும். கேட் ரெசிஸ்டர்கள், அவற்றுக்கு முன்னால் இருக்கும் சின்ன டிரைவர் டிரான்சிஸ்டர்கள், அப்புறம் ஸ்பீக்கரை ஓட்டும் அவுட்புட் டிரான்சிஸ்டர்கள், எல்லாவற்றையும் அளக்க வேண்டும். அவுட்புட்டில் ஒன்று ஷார்ட்டாக இருந்தால் சப்ளையையும் சேர்த்து இழுத்துச் சாய்த்துவிடும்.

மாஸ்ஃபெட் இல்லாமலேயே டிரைவ், அதாவது கேட்டுக்குப் போகும் சிக்னல், வருகிறதா என்று பார்க்கலாம். பல ஆம்ப்களில் அந்த சிக்னலை உருவாக்குவதற்கு டிஎல் 494 ஐசிதான் இருக்கும். அதன் 12-ஆம் காலில் சப்ளை, 14-ஆம் காலில் 5 வோல்ட், 4-ஆம் கால் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். 4-இல் வோல்ட் ஏறி நின்றால் ஐசி கெட்டுவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். புரொடெக்‌ஷன் சர்க்யூட் அதை நிறுத்தி வைத்திருக்கலாம். இரு பக்கத்து கேட் இடங்களிலும் டிசி அளவு ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் டிரைவ் சரி. ஒரு பக்கம் மட்டும் பூஜ்யம் என்றால் பெரும்பாலும் அந்தப் பக்கத்து டிரைவர் டிரான்சிஸ்டர்தான்.

மாஸ்ஃபெட்டைப் பொருத்தும்போது மைக்கா அல்லது சிலிகோன் பேடை மறந்துவிடாதீர்கள். முறுக்கிய பிறகு மாஸ்ஃபெட்டின் உலோக முதுகான ஒவ்வொரு டேபுக்கும் ஹீட்சிங்குக்கும் ஷார்ட் இல்லை என்று அளந்துகொள்ளுங்கள். பிறகு முதல் பவர், பிளஸ் ஒயரில் 55 வாட் ஹெட்லைட் பல்ப் ஒன்றைத் தொடராக வைத்து. பல்ப் ஒரு மின்னல் மின்னி அணைந்தால் அல்லது மங்கலாக நின்றால் நல்லது. முழு வெளிச்சத்தில் எரிந்தால் இன்னும் ஷார்ட் இருக்கிறது, மாஸ்ஃபெட் தப்பித்தது.

பல்பை எடுத்த பிறகும் ஸ்பீக்கரை மாட்ட அவசரப்பட வேண்டாம். ஸ்பீக்கர் டெர்மினல்களுக்கு நடுவில் டிசி அளந்து பாருங்கள், 50 மில்லிவோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் என்றால் இன்னும் கோளாறு இருக்கிறது, வோல்ட் கணக்கில் ஏறினால் ஸ்பீக்கர் காயிலைத்தான் சுட்டுப்போடும். சரியாக இருந்தால் வேண்டாத பழைய ஸ்பீக்கர் ஒன்றை மாட்டி, சத்தத்தைக் குறைவாக வைத்து அரை மணி நேரம் பாடவிடுங்கள். நடுநடுவே ஹீட்சிங்கைத் தொட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் அதிகமாகச் சூடேறினால் அணைத்துவிட்டு அந்தப் பக்கத்தை மறுபடி அளந்து பாருங்கள்.