மணவறைக்கும் உங்களுக்கும் நடுவுல எத்தனை அடி? லென்ஸ் வாங்குறதுக்கு முன்னாடி அதைப் பாருங்க

கல்யாண போட்டோல ஒரு சீசன் ஓட்டி முடிச்ச தம்பிங்க எல்லாரும் கேக்குற கேள்வி, "அண்ணே, 85 எம்எம் லென்ஸ் வாங்கட்டுமா, 70-200 ஜூம் வாங்கட்டுமா?" நான் திருப்பிக் கேக்குறது, நீ எடுக்குற மண்டபத்துல மணவறையிலேர்ந்து எத்தனை அடி தள்ளி நிக்க விடுறாங்க? இதுக்குப் பதில் தெரியாம ரிவ்யூ வீடியோ பாத்து வாங்குனா காசு போட்ட லென்ஸ் பைக்குள்ளயே கிடக்கும். இப்ப வர்ற லென்ஸ் எதுவும் ஆல்பத்துல குறை தெரியுற அளவுக்கு மோசம் கிடையாது, நமக்கு நிக்க இடம் இருக்கா இல்லையாங்கறதுதான் விஷயமே.

கணக்கா சொல்றேன், எம்எம் நம்பர் கூடக் கூட ஆள் கிட்டத் தெரியும், நாம தள்ளிப் போகணும். ஒரு ஆளை நின்ன வாக்குல தலையிலேர்ந்து கால் வரை, மேலயும் கீழயும் கொஞ்சம் இடம் விட்டு, கேமராவை செங்குத்தா புடிச்சு எடுக்கணும்னு வைங்க. ஃபுல் ஃப்ரேம் பாடில (பெரிய சென்சார் இருக்குற கேமரா) 85 எம்எம் போட்டா சுமார் 15 அடி பின்னாடி போகணும். 50 எம்எம்னா 9 அடி, 35ன்னா ஆறரை அடி. அதே 85ஐ க்ராப் பாடில (சின்ன சென்சார் இருக்குறது) மாட்டுனா 24 அடி ஆயிடும்! கும்பகோணம், மாயவரம் பக்கம் தெருவுல பந்தல் போட்டு வீட்டுலயே நலங்கு வைக்கிறாங்களே, அந்தக் கூடத்துல 24 அடிக்கு எங்க போவீங்க, எதிர்வீட்டுத் திண்ணையில போயி நின்னாத்தான் உண்டு. அதனால க்ராப் பாடி வச்சிருக்கவங்களுக்கு என் பதில் எப்பவும் ஒண்ணுதான், 85 ஆசையைத் தள்ளி வச்சுட்டு 50 எம்எம் எஃப் 1.8 வாங்குங்க (எஃப் நம்பர் குறையக் குறைய வெளிச்சம் நிறைய உள்ள வரும், தெளிவா இருக்குற ஆழம் குறையும்), விலை கம்மி, 14 அடில முழு ஆள் வரும், முகம் மட்டும் எடுத்தாலும் மூக்கு பெருசா தெரியாது. மூக்கு பெருசாத் தெரியுறதுக்குக் காரணம் நாம ரொம்ப கிட்டப் போறதுதான், லென்ஸ் மேல பழி போடுறோம்.

அடுத்த கல்யாணத்துக்கு ஒத்துக்கிட்டதும் முந்தின நாளே மண்டபத்துக்குப் போயி காலடி வச்சு அளந்துருங்க. மேடை முன்னாடி வீடியோக்காரர் ட்ரைபாட் எங்க போடுவாரு, எல்இடி ஸ்கிரீன் எந்தப் பக்கம், நாதஸ்வரம் தவில் எங்க உக்காருவாங்க, ஹோமகுண்டத்துக்குப் பக்கவாட்டுல ஆள் நுழைய இடம் இருக்கா, எல்லாம் பாத்துக்கங்க. இன்னொரு வேலையும் இருக்கு, வீட்டுல உக்காந்து பண்றது. ஏற்கனவே எடுத்த படத்தையெல்லாம் லைட்ரூம் சாஃப்ட்வேர்ல போட்டு ஃபோக்கல் லென்த் (எத்தனை எம்எம்ல எடுத்ததுங்கறது) வாரியா ஃபில்டர் பண்ணிப் பாருங்க. பாதிக்கு மேல 24லயும் 28லயும் இருந்தா நீங்க நெருக்கடியான இடத்துல வேலை பாக்குறீங்க, எல்லாம் 70ல முட்டி நிக்குதுன்னா உங்களுக்கு நீள லென்ஸ் தேவைப்படுதுன்னு அர்த்தம். கடைக்காரர் சொல்றதை விட இது நம்பகமானது.

வாங்குற வரிசைன்னு கேட்டா நான் சொல்றது: முதல்ல ஒரு எஃப் 2.8 ஜூம். ஃபுல் ஃப்ரேம்னா 24-70 இல்ல 28-75, க்ராப்னா 17-50, 17-70 அந்த மாதிரி. சிக்மா, டாம்ரான் எடுத்தாலே போதும், கேமரா கம்பெனியோட லென்ஸ்தான் வேணும்னு கௌரவம் பாக்க வேணாம். கேனான் ஆர்எஃப் பாடி வாங்குறவங்க மட்டும் கொஞ்சம் யோசிங்க, அந்த மவுண்ட் (லென்ஸ் மாட்டுற வாய்) 2018ல வந்தது, ஆனா சிக்மா, டாம்ரானோட ஆட்டோஃபோகஸ் லென்ஸ் அதுக்கு வர ஆரம்பிச்சதே 2024லதான், அதுவும் க்ராப்புக்கு. கேனானோட பழைய மவுண்ட்டான இஎஃப் லென்ஸை அடாப்டர் போட்டு ஓட்டலாம், நல்லாவே வேலை செய்யும். ரெண்டாவதா ஒரு வெளிச்சமான ப்ரைம் (ஜூம் ஆகாத லென்ஸ்), ஃபுல் ஃப்ரேம்னா 85 எஃப் 1.8, க்ராப்னா மேல சொன்ன 50. மூணாவதுதான் 70-200. அதை முதல் ஆறு மாசம் வாடகைக்கு எடுங்க, திருச்சி தஞ்சாவூர்ல விசாரிச்சா கிடைக்கும், இல்லன்னா தெரிஞ்ச ஸ்டுடியோக்காரர்கிட்ட கடன் கேளுங்க. ஃபுல் ஃப்ரேம்ல 20 அடில நின்னு கேமராவைப் படுக்க வச்சு 70ல எடுத்தா மணமேடையில பத்து அடி அகலம் வரும், பொண்ணு மாப்பிள்ளை ரெண்டு பக்க அப்பா அம்மா எல்லாரும் அடங்கிடுவாங்க, அப்படியே 200க்கு இழுத்தா மூணரை அடி, ரெண்டு முகம் மட்டும். இது பெரிய மண்டபத்துக்கு வரம், சின்ன மண்டபத்துல கழுத்துவலி.

தாலி கட்டுற நேரத்தைப் பத்தி தனியா சொல்லணும், ஏன்னா வருசம் பூரா பேர் வாங்குறதும் கெடுறதும் அந்தச் சில நொடிலதான். ஐயர் கையைத் தூக்கி கெட்டிமேளம்னு சொன்ன உடனே உக்காந்திருந்த மொத்தக் கூட்டமும் எந்திரிக்கும், அட்சதை பறக்கும், நாலு பக்கத்துலேர்ந்தும் செல்போன் நீளும், பின்னாடி நின்னு 200 எம்எம்ல எடுக்கலாம்னு இருந்தவருக்கு ஒரு மாமாவோட முதுகுதான் கிடைக்கும். அதனால அந்த நேரத்துக்கு 24-70 மாட்டி மணவறைக்கு மூணு நாலு அடிக்குள்ள, மாப்பிள்ளை கை உங்களுக்கு மறைக்காத பக்கம் முட்டி போட்டு உக்காந்துருங்க, ரெண்டாவது ஆளை நாற்காலி மேல ஏத்தி நீள லென்ஸோட நிறுத்துங்க. ஐயர்கிட்ட காலையிலயே போயி "சாமி, தாலி கட்றப்ப இந்தப் பக்கம் ஒக்காந்துக்கறேன்"னு ஒரு வார்த்தை சொல்லி வைங்க, அவரே வழி விடுவாரு. பல வீட்டுல ரெண்டாவது மூணாவது முடிச்சு நாத்தனார் போடுவாங்க, அவங்க பின்னாலேர்ந்து வருவாங்க, அதுக்கும் ஃப்ரேம்ல இடம் வைங்க. ஷட்டர் வேகம் நொடியில 250ல ஒண்ணுக்குக் குறையாம, எஃப் 4 இல்ல எஃப் 3.5, ஐஎஸ்ஓ 3200 போனாலும் பயப்படாதீங்க. இந்த இடத்துல எஃப் 1.8ல எடுத்து ஸ்டைல் காட்டக் கூடாது. 85 எம்எம்ல ஆறரை அடி தூரத்துல எஃப் 1.8 வச்சா தெளிவா இருக்குற ஆழமே ஆறு சென்டிமீட்டர்தான், தாலி தெளிவா இருந்தா பொண்ணு முகம் கலங்கி இருக்கும்.

ஹோமப் புகைக்குள்ள நேரா ஃப்ளாஷ் அடிக்காதீங்க, புகைதான் வெள்ளையா வரும், கூரையிலயோ பக்கத்துச் சுவர்லயோ பட்டுத் திரும்பி வர்ற மாதிரி அடிங்க. எல்இடி பார் லைட் ஓடுற மேடையில படத்துல கோடு கோடா விழுந்தா ஷட்டரை 100ல ஒண்ணுக்குக் கொண்டாங்க, நம்ம ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், லைட் நொடிக்கு 100 தடவை மினுக்கும், அதோட ஒத்துப் போனா பல இடத்துல கோடு போயிடும். சைலண்ட் ஷட்டர் வேணாம், மெக்கானிக்கல்ல வைங்க. வெள்ளை வேட்டி சட்டை நாலு பேர் நின்னாலே கேமரா ஏமாந்து முகத்தை இருட்டா எடுத்துரும், மேனுவல்ல வச்சு முகத்துக்கு வெளிச்சம் சரியா இருக்குற மாதிரி எக்ஸ்போஸ் பண்ணுங்க, ரா ஃபைல் (கேமரா திருத்தாத மூலப் படம்) எடுங்க. அப்புறம், பொண்ணு கருப்பா இருந்தா கருப்பாவே அழகா எடுங்க, எடிட்டிங்ல சுண்ணாம்பு அடிக்கிற பழக்கத்தை நம்ம ஜெனரேஷனோட விட்டுருவோம்.

எல்லாக் கல்யாணமும் ஹோமத்தோட நடக்குறதும் இல்ல. டெல்டாவுல சுயமரியாதைக் கல்யாணம் நிறைய, 1967லயே சட்டம் போட்டு செல்லும்னு ஆக்குனது. அங்க ஐயர் கிடையாது, மேடையில தலைவர்கள் பேச்சு, மாலை மாத்துறது, தாலி கட்டுறதும் உண்டு கட்டாததும் உண்டு. பேசுறவங்க முகத்துக்கு நீள லென்ஸ் வேணும். நாகூர், கூத்தாநல்லூர் பக்கம் நிக்காஹ்வுக்குப் போனா பெண்கள் பக்கம் பெண் போட்டோகிராபர்தான் கேப்பாங்க, இந்த வேலை கத்துக்கிட்ட பொண்ணுங்களுக்கு நிறைய வாய்ப்பு அங்க இருக்கு.

இப்ப போர்ட்ரெய்ட். நம்ம ஊர்ல ஸ்டுடியோ லைட்டுக்குச் செலவு பண்றதுக்கு முன்னாடி திண்ணையைப் பாருங்க. பழைய வீட்டுத் திண்ணையில மேல கூரை, ஒரு பக்கம் தெரு, வெளிச்சம் பக்கவாட்டுல மெத்துனு வரும். நடுமுற்றம் இருக்குற வீடா இருந்தா இன்னும் விசேஷம், ஆளை முற்றத்துக்கு நடுவுல நிக்க வைக்காம தாழ்வாரத்துல தூணுக்குப் பக்கத்துல, முகம் முற்றத்தைப் பாத்த மாதிரி வைங்க. நடுவுல நின்னா மேலேர்ந்து வெளிச்சம் விழுந்து கண்ணு குழி விழும். தென்னந்தோப்பு பாக்க நல்லாருக்கும், உச்சி வெயில்ல முகத்துல புள்ளி புள்ளியா விழுந்து உயிரை வாங்கும், தோப்போட ஓரத்துல முழு நிழலாப் பாத்து நிக்க வைங்க.

வயல்ல அவுட்டோர் கேக்குறவங்களுக்கு முதல்லயே மாசத்தைச் சொல்லிருங்க. சம்பா நல்லாப் பச்சை கட்டி நிக்கிறது கார்த்திகை, மார்கழி, தை பொறந்தா பழுக்க ஆரம்பிச்சு அறுப்பு வந்துரும், அப்புறம் உளுந்தும் பயறும்தான். வைகாசிக் கல்யாணத்துக்கு "அண்ணே பச்சை வயல் வேணும்"னு கேட்டா எங்க போறது, ஆத்துலயே மணல்தான் இருக்கும். மேட்டூர் வழக்கமா ஜூன் 12 திறப்பாங்க, தண்ணி பாத்த படம் வேணும்னா அதுக்கப்புறம் வரச் சொல்லுங்க, ஓட்டம் இருக்கும்போது ஜோடியை ஆத்துல இறக்காதீங்க, கொள்ளிடத்துல சுழல் எங்க இருக்குன்னு உள்ளூர்க்காரங்களுக்கே தெரியாது. தை முகூர்த்தத்துக்கு மார்கழியில அவுட்டோர் வச்சா பனி, பச்சை ரெண்டும் கிடைக்கும், வீட்டுப் பெரியவங்க மார்கழியில வேணாம்பாங்க, பேசித்தான் பாக்கணும். ட்ரோன் வச்சிருக்கவங்க தஞ்சாவூர்ல ஏர்ஃபோர்ஸ் தளம் இருக்குங்கறதை மறந்துராதீங்க, டிஜிட்டல் ஸ்கை மேப் (எங்க ட்ரோன் பறக்கலாம்னு காட்டுற அரசாங்க வரைபடம்) பாக்காம தூக்காதீங்க. தாராசுரம், பெரிய கோயில் மாதிரி தொல்லியல் துறை இடத்துல ட்ரைபாட் வைக்கவே அனுமதி வாங்கணும்.

ஆடி, புரட்டாசி, மார்கழி வந்தா கையில வேலை இல்லன்னு புலம்புறவங்க திருக்கடையூரைப் பாக்கணும். அறுபதாம் கல்யாணம், எழுபதுல பீமரத சாந்தி, எம்பதுல சதாபிஷேகம், இதெல்லாம் அவங்கவங்க பொறந்த மாசம் நட்சத்திரம் பாத்து வர்றதால வருசம் பூரா நடக்கும். கேமராவுக்கு அனுமதி, எந்த இடம் வரைக்கும்னு கோயில் ஆபீஸ்ல முன்னாடியே கேட்டுக்கங்க. கலசத் தண்ணியை ஊத்துவாங்க, கேமராவுக்கு மழைக்கவர் போட்டு 50ஐயோ 85ஐயோ வச்சு கொஞ்சம் தள்ளியே நில்லுங்க, நனைஞ்ச தாத்தா பாட்டி சிரிக்கிற படம் அங்க தானா வரும், போஸ் சொல்லவே வேணாம்.

எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் பந்தி நடக்குற நேரத்துல வீட்டுல வயசானவங்க யாருன்னு கேட்டு, ஜன்னலோரமா உக்கார வச்சு தனியா ஒரு படம் எடுத்துக் குடுங்க, காசு கேக்காதீங்க. நம்ம கிராமத்துல பலபேருக்கு இருக்குற ஒரே படம் ஓட்டர் ஐடில இருக்குறதுதான், அதைப் பெருசு பண்ணித்தான் சுவத்துல மாட்டி மாலை போடுறாங்க. என்னோட ஆர்டர்ல பாதி இந்தத் தாத்தா பாட்டி படத்தைப் பாத்துட்டு வந்ததுதான், இன்ஸ்டாகிராம் ரீல்ஸ்ல வந்தது கம்மி.

லென்ஸ் பராமரிப்புல நமக்கு இருக்குற எதிரி ஈரம். ஐப்பசி கார்த்திகை அடைமழையில பைக்குள்ளயே பூட்டி வச்சா பூஞ்சை கட்டாயம் வரும். ட்ரை கேபினெட்ல 40லேர்ந்து 50 சதவீத ஈரப்பதத்துல வைங்க, முடியலன்னா காத்துப் புகாத டப்பாவுல சிலிக்கா ஜெல். நாலரை மணி முகூர்த்தத்துக்கு ஏசி ரூம்லேர்ந்து நேரா மண்டபத்துக்குப் போனா கண்ணாடி வேர்த்துப் போகும், அரைமணி முன்னாடியே ஏசி இல்லாத இடத்துல பையோட வச்சுருங்க. செகண்ட் ஹேண்ட் வாங்குறப்ப செல்போன் டார்ச்சை ஒரு பக்கம் அடிச்சு மறுபக்கம் பாருங்க, நூல் நூலா சிலந்தி வலை மாதிரி தெரிஞ்சா எவ்வளவு கம்மி விலை சொன்னாலும் வேணாம்.

ரெண்டு கார்டு ஸ்லாட் இருக்குற பாடியா இருந்தா ரெண்டுலயும் ஒரே நேரத்துல எழுத வைங்க, அன்னைக்கு ராத்திரியே ரெண்டு ஹார்ட் டிஸ்க்ல ஏத்துங்க, ஒண்ணு வேற வீட்டுல இருக்கட்டும். காசு விஷயம், ஒத்துக்கும்போது ஒரு அட்வான்ஸ், கல்யாணத்துக்கு முதல் நாள் பெரும்பகுதி, ஆல்பம் குடுக்கும்போது மிச்சம், அந்த மிச்சம் சின்னத் தொகையா இருக்கணும், ஏன்னா படம் செலக்ட் பண்றேன்னு பென்டிரைவ் வாங்கிட்டுப் போறவங்க வளைகாப்புக்குத்தான் திரும்பி வருவாங்க, அதுவரைக்கும் ஆல்பம் அடிக்கிற லேப்காரருக்கு நீங்கதான் பதில் சொல்லணும்.