சி.டி.எக்ஸ். நோயும் மூளை எம்.ஆர்.ஐ.யும்: எங்கே கோட்டை விடுகிறோம்?

செரிப்ரோடென்டினஸ் சாந்தோமடோசிஸ், சுருக்கமாக சி.டி.எக்ஸ்., சி.ஒய்.பி.27ஏ1 மரபணுப் பழுதால் வரும் நோய். பித்த அமிலம் உருவாகும் பாதை தடைபட, கொலஸ்டனால் என்ற கொழுப்புப் பொருள் மூளையிலும் தசைநாண்களிலும் படிகிறது. மருந்து இருக்கும் நோய் என்பதால்தான் ஸ்கேனில் தவறவிடுவது உறுத்துகிறது.

அதிகம் நடக்கும் தவறு, பார்வை பெருமூளையோடு நின்றுபோவது. மூளை அறைகளை ஒட்டிய வெண்பொருளில் மங்கலான வெண்மை தெரிந்ததும் நரம்புறைகளைச் சிதைக்கும் வேறொரு நோயைச் சொல்லி, ‘மல்டிபிள் ஸ்கிலிரோசிஸாக இருக்கலாம்’ என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். துப்பு கிடைக்கும் இடம் சிறுமூளையின் டென்டேட் உட்கரு, அதாவது அதன் உள்ளே ஆழத்தில் இருக்கும் நரம்புச் செல் திரள். வளர்ந்தவர்களுக்கு அங்கே இரும்பு சேர்வதால், எம்.ஆர்.ஐ. படவகைகளில் ஒன்றான டி2வில் அது இயல்பாகவே சற்றுக் கறுத்திருக்கும். இரு பக்கமும் ஒரே மாதிரி அந்தக் கறுப்பு காணாமல் போயிருந்தாலே சந்தேகிக்க வேண்டும். பளிச்சென்று வெளுக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை. சிறுமூளை இருக்கும் பின்மண்டைப் பகுதியில், திரவத்தின் வெண்மையை அடக்கிக் காட்டும் ஃபிளேர் படம் சிலவற்றை மறைக்கும், எனவே டி2வையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ரத்தக்கசிவின் தடத்தைக் காட்டும் எஸ்.டபிள்யூ.ஐ. என்ற படவகையை எடுக்காமல் விடுவதும் தவறு. நோய் முற்றினால் உட்கருவுக்குள் திசு அழிந்து குழி விழும். டி1 என்ற இன்னொரு படவகை, ஃபிளேர் இரண்டிலும் அது கறுப்பாகத் தெரியும், எஸ்.டபிள்யூ.ஐ.யில் நுண்கசிவின் கறையும் சேரும். இதை ‘பழைய ரத்தக்கசிவு’ என்று மட்டும் எழுதக் கூடாது. குழி விழுந்தவர்களுக்குச் சிகிச்சையின் பலன் குறைவு என்பதால், அறிக்கையில் அது தனியாக இடம்பெற வேண்டும்.

இன்னொரு பொறி, தொற்றுக்குக் கொடுக்கும் மெட்ரோனிடசோல் மாத்திரை. அந்த மாத்திரையின் நச்சும் டென்டேட் உட்கருவைத்தான் வெளுக்க வைக்கும். சி.டி.எக்ஸ். நோயாளிக்குச் சிறு வயதிலிருந்தே வயிற்றுப்போக்கு இருப்பதுண்டு. அதற்காக இதே மாத்திரையை விழுங்கியிருக்கவும் கூடும்! மாத்திரையை நிறுத்திச் சில வாரங்களில் மாற்றம் மறைந்தால் காரணம் மருந்து. அப்படியே நின்றால் விசாரணை தொடர வேண்டும்.

குதிகாலைப் பார்க்காமல் அனுப்பிவிடாதீர்கள். குதிகால் தசைநாண் தடித்திருந்தால், இளவயதுக் கண்புரை இருந்ததா என்றும் கேளுங்கள். தசைநாண் இயல்பாக இருப்பவர்களும் உண்டு, மூளைப் படம் சுத்தமாக இருப்பவர்களும் உண்டு. அவர்களுக்கும் நோய் இல்லை என்று சொல்லிவிட முடியாது. வழக்கமான கொலஸ்ட்ரால் பரிசோதனையும் பெரும்பாலும் இயல்பாகவே வரும். ரத்தத்தில் கொலஸ்டனால் அளவு, பிறகு மரபணுப் பரிசோதனை, இவைதான் தீர்ப்பு.

சிகிச்சை, கீனோடீஆக்சிகோலிக் அமிலம் என்ற பித்த அமிலம். பெரியவர்களுக்கு வழக்கமாக நாளொன்றுக்கு 750 மி.கி. பெயர் ஒத்திருக்கிறதே என்று அர்சோடீஆக்சிகோலிக் அமிலத்தை மாற்றிக் கொடுத்தால் பயனில்லை. மருந்து தொடங்கியபின் ஸ்கேன் மாறவில்லை என்று அதை நிறுத்துவதும் தவறு: கொலஸ்டனால் இறங்கியபிறகும் பழைய வெண்மை பல வருடங்கள் அப்படியே நிற்கலாம்.