பிரிட்டனில் பழைய நீராவி, டீசல் இன்ஜின்களைப் பார்க்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய இன்ஜின் பார்க்கப் போய் வெறுங்கையோடு திரும்புகிறவர்களில் பாதிப் பேர் வீட்டிலேயே கோட்டை விட்டவர்கள். விளம்பரத்தில் ஒரு படம் இருக்கும். அதை நம்பிக் கிளம்பிவிடுவார்கள்.

முதலில் பார்க்க வேண்டியது, அந்த இன்ஜின் இப்போது ஓடும் நிலையில் இருக்கிறதா என்பதை. நீராவி இன்ஜின் பாய்லருக்குக் கெடு உண்டு. பழைய ரயில்களைக் காப்பாற்றி ஓட்டும் பாரம்பரியப் பாதைகளில் அது வழக்கமாக 10 ஆண்டு. கெடு முடிந்தால் பாய்லரை இன்ஜினின் அடிச்சட்டத்திலிருந்து தூக்கி, குழாய்களையெல்லாம் உருவி, பழுதுபார்த்துச் சோதித்த பிறகுதான் மறுபடி நெருப்பு மூட்டலாம். பணமும் ஆளும் கிடைப்பதைப் பொறுத்து இதற்குப் பல ஆண்டுகள்கூட ஆகும். 1938 ஜூலை 3 அன்று மணிக்கு 126 மைல் வேகம் தொட்ட மல்லார்ட் என்ற நீராவி இன்ஜின், யார்க் ரயில் அருங்காட்சியகத்தில் நிற்கிறது, ஓடாது. அதே ஏ4 வகையில் எஞ்சியிருப்பவை மொத்தமே ஆறு. அவற்றில் ஒன்று அமெரிக்காவிலும் இன்னொன்று கனடாவிலும் இருக்கின்றன. செவர்ன் வேலி பாதையில் கெடு முடிந்த இன்ஜின்கள் சில ஹைலி நிலையத்தை ஒட்டிய காட்சிக்கூடத்தில் நிற்கும். அவற்றைத் தேடி அதே பாதையின் பிரிட்ஜ்நார்த் இன்ஜின் ஷெட்டுக்குப் போய்ப் பயனில்லை.

கோடையில் இன்னொரு சிக்கல். மழையில்லாத வாரங்களில் தீப்பொறி பட்டுப் புல் பற்றிக்கொள்ளும் என்பதால் நீராவியை நிறுத்திவிட்டு டீசலை மாட்டிவிடுவார்கள். டீசல் ரசிகர்களுக்கு அது கொண்டாட்டம். மற்ற நாட்களில் பெரிய டீசல்களைப் பார்க்க வேண்டுமானால், டீசலுக்கென்றே நடக்கும் சிறப்பு நாட்களில் போவதே நல்லது. எந்த ரயிலுக்கு எந்த இன்ஜின் என்ற பட்டியலும் அன்று காலை வரை மாறலாம்.

வழக்கமான ரயில்கள் ஓடும் பிரதான பாதையில் வரும் சிறப்பு ரயில்களில் ஏமாறுவது இன்னும் சுலபம். ‘லண்டனிலிருந்து நீராவிப் பயணம்’ என்றால் லண்டனிலேயே நீராவி இன்ஜின் நிற்கும் என்று பொருளில்லை. யூஸ்டனிலிருந்து வடக்கே போகும் பயணங்களில் பெரும்பாலும் கார்ன்ஃபோர்த் வரை மின்சார இன்ஜின் இழுக்கும்; அங்கேதான் நீராவி மாட்டப்பட்டு, ஷாப் மலையின் 75 அடிக்கு 1 அடி ஏற்றத்தை நோக்கிக் கிளம்பும். வழியிலுள்ள மில்ட்டன் கீன்ஸில் கேமராவோடு காத்திருந்தவருக்கு வழக்கமான மின்சார இன்ஜின்தான் கிடைக்கும். ரயில் குறியீட்டில் இசட் என்ற எழுத்து இருந்தால் அது சிறப்பு ரயில், அவ்வளவுதான். 1இசட் என்றால் பயணிகளோடு வருவது, 5இசட் காலிப் பெட்டிகள், 0இசட் தனி இன்ஜின். காலிப் பெட்டி ஓட்டத்தை யாரும் விளம்பரப்படுத்துவதில்லை. ஆனால் அதே இன்ஜின், கூட்டமே இல்லாமல், முந்தைய நாளோ அடுத்த நாளோ உங்கள் ஊர் வழியாகப் போகலாம்.

நேரத்தை அமைப்பாளரின் துண்டறிக்கையில் பார்க்காதீர்கள். அதில் பயணிகள் ஏறி இறங்கும் நிலையங்கள் மட்டும்தான் இருக்கும். ரியல்டைம் ட்ரெயின்ஸ் தளத்தின் விரிவான பக்கத்தில், நிற்காமல் கடக்கும் நிலையங்கள், சந்திப்புகளின் நேரமும் அரை நிமிடக் கணக்கில் கிடைக்கும். ஓடத் தொடங்கியபின் எவ்வளவு தாமதம், எவ்வளவு முன்னதாக என்பதும் தெரியும். முன்னதாக வருவதும் உண்டு என்பதால் 20 நிமிடம் முன்பே போய் நில்லுங்கள். ஓடும் வேகத்தில் ஒரு நொடி பார்ப்பதைவிட, தண்ணீர் பிடிக்க நிற்கும் இடத்தில் ஆற அமரப் பார்ப்பது மேல். பெரிய டெண்டரில் (கரியும் தண்ணீரும் சுமக்கும் இணைப்பு வண்டி) 5,000 கேலன் பிடித்தாலும் சுமார் 100 மைலுக்கு ஒருமுறை நிரப்பியாக வேண்டும். செட்டில்–கார்லைல் பாதையில் ஆப்பிள்பி அதற்குப் பேர்போனது.

அதே பாதையில் ஏய்ஸ் கில் உச்சி (1,169 அடி) எல்லாரும் ஓடிப்போய் நிற்கும் இடம். தெற்கு நோக்கி வரும் ரயிலுக்குத்தான் அது சரியான இடம். ஆப்பிள்பி பக்கமிருந்து மூச்சிரைக்க ஏறிவரும். வடக்கு நோக்கிப் போகும் ரயில் அங்கே வருவதற்குள் கடும் ஏற்றம் முடிந்திருக்கும். ஏறக்குறைய சமதளத்தில் வந்து இறக்கத்தில் நழுவிவிடும், புகையும் இராது, சத்தமும் இராது. ஆக, இடத்தைத் தேர்ந்தெடுக்குமுன் ஏற்றம் எந்தத் திசையில் என்று பாருங்கள். குளிர் இருந்தால்தான் வெளிவரும் நீராவி வெள்ளையாகத் திரளும். ஜூலை மாத நண்பகலில் அதே இன்ஜின் அதே உழைப்பில் போனாலும் மேலே ஒன்றும் தெரியாது. காற்று உங்கள் பக்கம் வீசினால் புகை ரயிலையே மூடிவிடும். இரட்டைப் பாதையில் பிரிட்டனிலும் இந்தியாவைப் போல இடப்பக்க ஓட்டம்தான். எனவே ரயில் போகும் திசைக்கு இடப்பக்கம் நின்றால், குறுக்கே வேறு ரயில் வந்து மறைக்கும் ஆபத்து குறைவு. திருப்பு மேடை இல்லாத பாரம்பரியப் பாதைகளில் இன்ஜின் ஒரு திசையில் புகைபோக்கி முன்னாலும் மறு திசையில் டெண்டர் முன்னாலுமாக ஓடும் என்பதும் கணக்கில் இருக்கட்டும்.

படம் எடுப்பவர்கள் வேகத்தைக் குறைத்து மதிப்பிடுகிறார்கள். பாரம்பரியப் பாதையில் 25 மைல், பிரதான பாதையில் நீராவிக்கு வழக்கமான உச்சம் 75 மைல். 75 மைல் என்றால் நொடிக்கு 33.5 மீட்டர். 1/250 நொடியில் இன்ஜின் 13 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். 1/1000 வைத்தால் மூன்றரை சென்டிமீட்டர்கூட நகராது. ஃபோகஸ் புள்ளியைப் புகையில் வைத்தால் லென்ஸ் தடுமாறும். முன்பக்கத்து எண் தகட்டில் வையுங்கள். ஃபிளாஷ் கூடவே கூடாது, டிரைவரின் கண் கூசும்.

கறுப்புப் புகை என்றால் இன்ஜின் நன்றாக உழைக்கிறது என்று நினைப்பது தப்பு. அது முழுசாக எரியாத கரி. இதற்கு நேர்மாறாக, டெல்டிக் என்ற வகை டீசல் இன்ஜின் நெடுநேரம் சும்மா உறுமிக்கொண்டு நின்றுவிட்டுக் கிளம்பும்போது நீலமும் வெள்ளையுமாகப் புகையைக் கக்கினால் தீப்பிடித்துவிட்டது என்று பதறுகிறார்கள். இரண்டு-வீச்சு (டூ-ஸ்ட்ரோக்) எஞ்சின் அது. நிற்கும்போது புகைக்கலனில் சேர்ந்த எண்ணெய், சுமை ஏறியதும் எரிந்து வெளியேறுகிறது. நீராவி இன்ஜின் புறப்படும்போது சிலிண்டருக்குக் கீழேயிருந்து இருபுறமும் பீறிடும் ஆவியும் அப்படித்தான். சிலிண்டரில் தேங்கிய நீரை அழுத்திச் சுருக்க முடியாது. வடிகுழாயைத் திறந்து வெளியேற்றாவிட்டால் சிலிண்டர் மூடியே உடையும். அந்த நேரத்தில் இன்ஜினின் முன்பகுதியை ஒட்டிக் குழந்தைகளோடு நிற்காதீர்கள், சுடும்.

இனி, மன்னிக்க முடியாத தவறுகள். 2016 பிப்ரவரியில் ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மன் என்ற நீராவி இன்ஜின் பழுதுபார்த்து முடிந்து லண்டனிலிருந்து யார்க்குக்குப் போன முதல் ஓட்டத்தில், செயின்ட் நியோட்ஸ் அருகே ஆட்கள் தண்டவாளத்தில் இறங்கியதால் ரயிலை நிறுத்த வேண்டியதாயிற்று. அத்துமீறி நுழைந்தால் 1,000 பவுண்டு வரை அபராதம் என்பது சின்ன விஷயம். நீராவி இன்ஜினின் இரைச்சலில் எதிர்ப்பாதையில் வரும் ரயில் கேட்காது. மணிக்கு 125 மைலில் வருவது 500 மீட்டரை ஒன்பது நொடிக்குள் கடந்துவிடும். தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்களுக்குத் தலைக்கு மேலுள்ள 25,000 வோல்ட் கம்பி பழக்கமானது. தென்கிழக்கு இங்கிலாந்தில் 750 வோல்ட் மின்சாரம் தரையோடு ஓடும் மூன்றாவது தண்டவாளத்தில் இருக்கிறது. பார்க்கச் சாதாரண இரும்பு போலத்தான் இருக்கும்.

பாதுகாப்புக்கு என்று ஒளிரும் ஆரஞ்சு, மஞ்சள் சட்டை போட்டு வருவதும் தவறுதான். டிரைவர் உங்களைப் பாதைத் தொழிலாளி என்று நினைத்து ஹாரன் அடிப்பார். கை உயர்த்திப் பதில் தருவீர்கள் என்று எதிர்பார்ப்பார். சாதாரண உடையில், நடைமேடையில் வரைந்த மஞ்சள் கோட்டுக்குப் பின்னால், நிலைய ஊழியரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நில்லுங்கள். ரயிலுக்குள் இருந்தால், பழைய பெட்டிகளின் இறக்கும் ஜன்னலில் தலையை நீட்டாதீர்கள். 2016-ல் தெற்கு லண்டனிலும் 2018-ல் பாத் நகருக்கு அருகிலும் இப்படித் தலை நீட்டியவர்கள் இறந்திருக்கிறார்கள்.

பார்த்த இன்ஜினின் எண்ணைக் குறிப்பதில்தான் அனுபவசாலிகளும் வழுக்குவார்கள். அதுவரை எல்எம்எஸ், எல்என்இஆர், கிரேட் வெஸ்டர்ன் போன்ற தனியார் நிறுவனங்கள் ரயில் ஓட்டின. 1948-ல் ரயில்வே தேசியமயமானதும் பழைய எண்களோடு எல்எம்எஸ் இன்ஜின்களுக்கு 40000, எல்என்இஆர் இன்ஜின்களுக்கு 60000 கூட்டினார்கள். எல்எம்எஸ் 6233 டச்சஸ் ஆஃப் சதர்லாண்ட் 46233 ஆனது அப்படித்தான். வார்ப்பித்தளை எண் தகடு கொண்ட கிரேட் வெஸ்டர்ன் இன்ஜின்கள் பழைய எண்ணிலேயே இருந்தன. ஆனால் ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மனின் புகழ்பெற்ற 4472-உடன் 60000 கூட்டிப் பார்த்தால் கணக்கு உதைக்கும். எல்என்இஆர் 1946-லேயே எண்களை மாற்றி அதற்கு 103 கொடுத்துவிட்டது, அதனால்தான் 60103. 1923-ல் பிறந்தபோது இருந்த 1472 வேறு. நான்கும் ஒரே இன்ஜின்.

டீசலில் இன்னும் குழப்பம். 1970களில் கணினிக்காக வந்த ஐந்திலக்க முறையில் முதல் இரண்டு எண் வகையைக் குறிக்கும். 000 என்று முடியும் எண் அதில் கிடையாது. அதனால் டெல்டிக் வகையின் டி9000, வரிசையின் கடைசியில் போய் 55022 ஆனது. டி9001 நேராக 55001. முதல் 37-ஆம் வகை டி6700, முதலில் 37119, பிறகு 37350. 52-ஆம் வகை எனப்பட்ட வெஸ்டர்ன் டீசல்கள் 74-ம் புதிய எண் பெறாமலே ஓய்ந்தன. அதனால் டி1015 என்பதற்கு 52 என்று தொடங்கும் எண்ணைத் தேடி அலைய வேண்டாம்.

வேடம் போடும் இன்ஜின்களும் உண்டு. பிட்டர்ன் என்ற ஏ4, முன்பே உடைத்துவிட்ட தன் உடன்பிறப்பின் பெயரிலும் எண்ணிலும், டொமினியன் ஆஃப் நியூசிலாந்து 4492 என்று, ஓடியிருக்கிறது. 4492-ஐப் பார்த்ததாக எழுதினால் இல்லாத இன்ஜினைப் பார்த்ததாக ஆகும். குறிப்பேட்டில் இரண்டு பத்தி வைத்துக்கொள்ளுங்கள்: அன்று தாங்கியிருந்த எண் ஒன்றில், உண்மையான எண் மற்றதில். கூடவே தேதி, இடம், திசை, ரயில் குறியீடு. ரயிலின் வாலில் தொங்கும் டீசலையும் விட்டுவிடாதீர்கள். பெட்டிகளுக்கு மின்சாரம் தரவும் நீராவி மக்கர் செய்தால் இழுத்துக்கொண்டு போகவும் வரும் அந்த 47-ஆம் வகை இன்ஜினே பல சமயம் 60 வயதை ஒட்டியதாக இருக்கும்.