இருவர் மோதும் திரைவிமர்சன நிகழ்ச்சி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரண்டு பேர் அருகருகே அமர்ந்து ஒரு படத்தைப் பற்றி மல்லுக்கட்டும் நிகழ்ச்சி பார்வைக்கு எளிதாகத் தோன்றுவதால், இரண்டு நாற்காலியும் ஒரு கேமராவும் இருந்தால் போதும் என்று பலரும் துணிந்து இறங்கிவிடுகிறார்கள். சில வாரங்களிலேயே சண்டை மட்டும் எஞ்சி, படம் காணாமல் போய்விடுகிறது. இந்த வடிவத்தைப் புகழ்பெறச் செய்தவர்கள் அமெரிக்காவின் சிகாகோ நகரத்து விமர்சகர்களான ஜீன் சிஸ்கலும் ரோஜர் ஈபர்ட்டும் ஆவர். 1975-இல் உள்ளூர்ப் பொதுத் தொலைக்காட்சியில் தொடங்கிய அவர்களுடைய கூட்டணி, நிகழ்ச்சியின் பெயரும் நிறுவனமும் பலமுறை மாறியபோதும், 1999-இல் சிஸ்கல் மறையும் வரை நீடித்தது. புதிதாகத் தொடங்குபவர்கள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்பதை அறிய அவர்களுடைய பழைய பதிவுகளைவிட நல்ல பாடம் இல்லை.

பெருந்தவறு, யார் புகழ்வது, யார் திட்டுவது என்று முன்கூட்டியே பங்கு பிரித்துக்கொள்வதுதான். சிஸ்கல் ‘சிகாகோ ட்ரிப்யூன்’ நாளிதழிலும் ஈபர்ட் அதன் போட்டி இதழான ‘சிகாகோ சன்-டைம்ஸ்’ நாளிதழிலும் எழுதியவர்கள். தொலைக்காட்சிக்கு வருமுன்பே ஒருவரையொருவர் முந்தத் துடித்தவர்கள். படத்தின் அறிமுகத்தை எழுதி வைத்துப் படித்தாலும், அதன்பின் நடக்கும் வாக்குவாதத்தை அவர்கள் எழுதி வைத்துக்கொள்வதில்லை. 1987-இல் ஒரே நிகழ்ச்சியில், ஒரு நாயின் சாகசத்தைச் சொல்லும் சிறுவர் படமான ‘பெஞ்ஜி தி ஹன்டட்’ படத்தைப் பரிந்துரைத்த ஈபர்ட், ஸ்டான்லி குப்ரிக்கின் போர்ப்படமான ‘ஃபுல் மெட்டல் ஜாக்கெட்’டைப் பரிந்துரைக்க மறுத்துவிட்டார். சிஸ்கலால் அதைத் தாங்க முடியவில்லை. அதை வைத்தே ஈபர்ட்டை மடக்கப் பார்த்தார். இரண்டு படங்களையும் ஒரே தட்டில் வைப்பது நியாயமாகாது, ஒவ்வொரு படத்தையும் அதற்குரிய சூழலில்தான் எடைபோட வேண்டும் என்று ஈபர்ட் சீறினார். பார்ப்பவருக்குச் சிரிப்பு வருகிறது. கூடவே, விமர்சகன் எதை அளவுகோலாகக் கொள்ள வேண்டும் என்ற கனமான கேள்வியும் மனத்தில் இறங்குகிறது. பங்கு பிரித்து ஆடும் சண்டையில் இது நிகழவே நிகழாது. ஏனெனில் அங்கே எவருக்கும் மற்றவரை நம்பவைக்க வேண்டிய தேவையே இல்லை.

நம்பவைக்கும் தேவை இருந்தால், நம்பிவிடும் வாய்ப்பும் இருக்க வேண்டும். 1996-இல் ‘புரோக்கன் ஆரோ’ என்ற சாகசப் படத்திற்கு முதலில் ஆதரவு தெரிவித்த சிஸ்கல், ஈபர்ட்டின் வாதத்தைக் கேட்டபின் நிகழ்ச்சியின் நடுவிலேயே தம் முடிவை மாற்றிக்கொண்டார். இறங்கிவந்தால் தோற்றுவிட்டதாக எண்ணுவார்களே என்று அஞ்சி, இன்றைய இணைகளில் பலர் சொன்னதையே சத்தமாகத் திரும்பச் சொல்கிறார்கள். குரல் உயர்ந்தாலும் வாதம் ஓரடிகூட நகர்வதில்லை.

அடுத்த தவறு, நகைச்சுவைக்காகப் புனையப்பட்ட நிகழ்ச்சியை அப்படியே பின்பற்றுவது. நகைச்சுவைக் கலைஞர்களான டிம் ஹைடெக்கரும் கிரெக் டர்கிங்டனும் தம் சொந்தப் பெயரிலேயே கற்பனைப் பாத்திரங்களாக நடிக்கும் ‘ஆன் சினிமா’, 2011-இல் ஒலிவடிவில் பிறந்து, மறு ஆண்டு இணையத் தொடராக வளர்ந்தது. அதில் விமர்சனம் என்று ஏறக்குறைய எதுவும் இருக்காது. கிரெக் எந்தப் படத்தையும் வாயாரப் புகழ்ந்து, அனேகமாக எல்லாவற்றிற்கும் ஐந்து பை பாப்கார்ன் என்று முழு மதிப்பெண் போடுவார்; டிம் படத்தை விட்டுவிட்டுத் தம் உடல்நலம், இசைக்குழு, வழக்கு என்று சொந்தக் கதையைப் பேசுவார்; பேச்சு கைகலப்பு வரை போகும். படத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமே இல்லாத இருவர் விமர்சகர் நாற்காலியில் அமர்ந்தால் என்ன ஆகும் என்பதுதான் அங்கே நகைச்சுவை. பல ஆண்டுகளாகத் தொடரும் கதையும் கூர்மையான நடிப்பும் அதைத் தாங்கிப் பிடிக்கின்றன. அந்தக் கதை இல்லாமல், உண்மையான விமர்சனம் என்ற பெயரில் அதே ஏசலையும் சொந்தப் புராணத்தையும் கொண்டுவந்தால், டிக்கெட் வாங்கலாமா வேண்டாமா என்று அறிய வந்தவரை ஏமாற்றியதாகத்தான் முடியும்.

மதிப்பெண்ணிலும் கவனம் தேவை. சிஸ்கலும் ஈபர்ட்டும் 1986-இலிருந்து கட்டைவிரலை உயர்த்தியோ தாழ்த்தியோ தீர்ப்புச் சொன்னார்கள். பார்க்கலாம் அல்லது வேண்டாம், அவ்வளவுதான். நடுவில் ஒளிந்துகொள்ள இடமில்லாததால் மோதல் தானாகவே வந்தது. இருவருமே ஐந்துக்கு மூன்றரை, மூன்று என்று கொடுத்துவிட்டு அரை மணி நேரம் சண்டையிடுவதில் பொருள் இல்லை. ஒருவர் பேசி முடிக்குமுன் மற்றவர் குறுக்கிடுவது சுவைதான். ஆனால் கதை என்ன, யார் எடுத்த படம் என்பதைச் சொல்லும் முதல் நிமிடத்தில் மட்டும் குறுக்கிடக்கூடாது. நடிகரின் உருவத்தைக் கேலி செய்வதை அறவே விட்டுவிட வேண்டும்.

கடைசியாக, ஒத்துப்போனால் சுவை குன்றிவிடும் என்ற அச்சம். சிகாகோவைச் சேர்ந்த, கூடைப்பந்தாட்டக் கனவுள்ள இரு சிறுவர்களைப் பற்றிய, மூன்று மணி நேரத்தை நெருங்கும் ஆவணப்படமான ‘ஹூப் ட்ரீம்ஸ்’ திரையரங்குகளுக்கு வருமுன்பே இருவரும் அதைத் தம் நிகழ்ச்சியில் எடுத்துப் பேசினார்கள். அதன்பின் 1994-ஆம் ஆண்டின் சிறந்த படமாக இருவருமே தனித்தனியே அதையே தேர்ந்தெடுத்தார்கள். எத்தனையோ ஆண்டுகள் அவர்கள் மோதிக்கொண்டதைப் பார்த்திருந்தவர்கள் அந்த ஒரே குரலுக்குக் காதுகொடுத்தார்கள்.