படகுத்துறையில் டீசல் கொட்டினால்

மீன்பிடித் துறைமுகங்களில் எண்ணெய் கலப்பது பெரும்பாலும் கப்பல் விபத்தால் அல்ல; தொட்டி நிரம்பியதைக் கவனியாமல் டீசல் பிடிப்பதாலும், எஞ்சின் அறையின் அடியில் தேங்கிய கழிவுநீரை அப்படியே இறைத்து வெளியே விடுவதாலும்தான். கொஞ்சம்தானே என்று விட்டுவிட முடியாது. வெள்ளியைப் போல் மினுங்கும் படலத்தின் கனம் ஒரு மைக்ரானில் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் என்பதால், ஒரே ஒரு லிட்டர் டீசல் 10,000 சதுர மீட்டர் நீர்ப்பரப்பில் பரவிவிடும்.

கொட்டியது பெட்ரோலா டீசலா என்பதை முதலில் அறிய வேண்டும். பெட்ரோலாக இருந்தால் அதை வளைத்துத் தேக்கவே கூடாது. அதன் ஆவி காற்றைவிடக் கனமானது; படகின் அடிப்பகுதியில் இறங்கித் தங்கி, ஒரு சிறு பொறியிலும் வெடித்துத் தீப்பிடிக்கும். ஆகவே எஞ்சினைக் கிளப்பாமல், எந்தச் சுவிட்சையும் தொடாமல், ஆட்களைக் காற்று வரும் திசைக்கு அப்புறப்படுத்திவிட்டுத் தீயணைப்புத் துறையை அழைப்பதே முறை.

டீசலாக இருந்தால், முதல் வேலை கசிவை நிறுத்துவது. வால்வை அடைத்த கையோடு, தானாக ஓடும் கழிவுநீர்ப் பம்பையும் நிறுத்துங்கள். பலர் மறப்பது இதைத்தான்: மேலே நாம் எண்ணெயை அள்ளிக்கொண்டிருக்க, அடியில் நீர்மட்டம் ஏறியதும் பம்பு தானே ஓடி, அறைக்குள் சிந்திய டீசலையும் கடலுக்குள் தள்ளிக்கொண்டிருக்கும்.

அடுத்து, காற்று எண்ணெயை எந்த மூலைக்கு ஒதுக்குகிறது என்று பார்த்து, அந்தப் பக்கத்தில் மிதவைத் தடுப்பை விரிக்க வேண்டும். அதன் இரு முனைகளும் சுவரோடு இடைவெளியின்றி ஒட்டி நிற்க வேண்டும். ஆனால் ஓதம் ஏறி இறங்குவதற்கேற்பக் கயிற்றில் தளர்வும் வேண்டும், இல்லையெனில் நீர் வற்றும்போது தடுப்பு அந்தரத்தில் தொங்க, எண்ணெய் அடியில் நழுவிவிடும். தடுப்பு கைவசம் இல்லாத துறையில், பழைய வலைக்குள் வைக்கோலைத் திணித்து உருளையாகக் கட்டி மிதக்கவிடலாம். ஆனால் வைக்கோல் தண்ணீரையும் குடித்து மூழ்கும் என்பதால் சில மணி நேரத்திற்குள் மாற்றியாக வேண்டும். மரத்தூளை அள்ளித் தூவுவது, பிறகு அதையும் சேர்த்து அள்ளும் வேலையைத்தான் கூட்டும்.

ஒதுங்கிய எண்ணெயின் மேல், தண்ணீரை ஏற்காத பாலிபுரொப்பிலீன் உறிஞ்சு விரிப்புகளைப் பரப்பி, அசைக்காமல் ஊறவிடுங்கள். ஊறியவற்றைக் கையுறை அணிந்து எடுத்து மூடியுள்ள பீப்பாயில் சேர்த்து, அபாயகரக் கழிவாகவே ஒப்படைக்க வேண்டும். கரையில் போட்டுக் கொளுத்தக் கூடாது.

சோப்புத்தூளைக் கரைத்து ஊற்றும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. படலம் மறைவது உண்மைதான். ஆனால் எண்ணெய் நுண்துளிகளாக உடைந்து கீழே இறங்கிவிடுவதால் எந்த விரிப்பாலும் அதை மீட்க முடியாது, நீரோட்டம் குறைந்த துறைக்குள் மீன்குஞ்சுகளுக்கு அது இரட்டை நஞ்சு. எண்ணெயை இதேபோல் நுண்துளிகளாகச் சிதறடிக்கும் மருந்துகளையும் கடலோரக் காவல் படையின் அனுமதியின்றித் தெளிக்கக் கூடாது.

துறைமுக அலுவலகத்திற்கும், 1554 என்ற எண்ணில் கடலோரக் காவல் படைக்கும் உடனே தெரிவியுங்கள்: இடம், நேரம், எண்ணெயின் வகை, கசிவு நின்றதா, காற்றின் திசை. வகையைச் சொல்வது ஏன் முக்கியம் என்பதற்கு எண்ணூரே சான்று. 2017 ஜனவரி 28 அன்று அங்கே இரு கப்பல்கள் மோதியபோது கரை ஒதுங்கியது தார்போல் இறுகிய கனரக எண்ணெய்; இயந்திரங்கள் திணற, மக்கள் வாளிகளில்தான் அள்ளினார்கள்.

நீர் தெளிந்ததும் தடுப்பை எடுத்துவிட வேண்டாம். ஓதம் வற்றிய பின் துறைமேடைத் தூண்களின் இடுக்கையும் கட்டியிருக்கும் படகுகளின் நிழலையும் ஒருமுறை பாருங்கள்; ஒளிந்திருந்த எண்ணெய் அப்போதுதான் வெளியே வரும்.