வீட்டுப் பட்டறையில் சூப்பர்கார் கட்டுவது எப்படி: உள்ளிருந்து வெளியே செல்லும் ஒரு வரிசை

வீட்டில் சூப்பர்கார் கட்ட விரும்பும் பலர் முதலில் வரைவது அதன் வெளித்தோற்றத்தைத்தான். தாழ்ந்த மூக்கு, அகன்ற பின்புறம், மேல்நோக்கித் திறக்கும் கதவு எல்லாம் தாளில் அழகாக வந்துவிடும். ஆனால் அந்த உருவத்துக்குள் எஞ்சினும் சக்கரங்களும் ஓட்டுநரின் கால்களும் அடங்காது என்பது தெரியவரும்போது, செலவழித்த பணமும் உழைப்பும் பட்டறையின் மூலையில் முடங்கிவிடும். இந்த வழிகாட்டி நேர்மாறான வரிசையைப் பரிந்துரைக்கிறது. முதலில் இருக்கை, முன்கண்ணாடி, எஞ்சின் போன்ற மாற்ற முடியாத பொருள்கள், அடுத்து சஸ்பென்ஷன் (சக்கரங்களைக் காரோடு இணைத்து அதிர்வைத் தாங்கும் அமைப்பு), அதன் பிறகு சேஸிஸ் (எல்லாவற்றையும் தாங்கும் அடிச்சட்டகம்), கடைசியில் மட்டுமே பாடி (வெளிக்கூடு).

இது கைக்கு எட்டாத கனவு அல்ல. லோட்டஸ் நிறுவனத்தின் காலின் சாப்மன் 1948-இல் தம் முதல் காரை வடக்கு லண்டனில் ஒரு வீட்டின் பின்புறமிருந்த சிறு கராஜில், பழைய ஆஸ்டின் 7 ஒன்றை அடிப்படையாகக் கொண்டு கட்டினார். மெக்லாரன் எஃப்1 என்னும் சூப்பர்காரை வடிவமைத்த கார்டன் மரே, அதற்குப் பல ஆண்டுகள் முன்பே, 1967-இல், தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் தம் முதல் பந்தயக் காரைத் தாமே வடிவமைத்துக் கட்டி ஓட்டினார். அதே மரேயின் குழு பின்னாளில் எஃப்1-இன் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் சாலையில் சோதிப்பதற்குத் தேர்ந்தெடுத்தவை, பிரிட்டனில் வீட்டில் கட்டுவோருக்காகத் தயாரிக்கப்பட்ட இரண்டு அல்டிமா கிட் கார்கள். ஆல்பர்ட், எட்வர்ட் என்று அவற்றுக்குப் பெயரும் இட்டார்கள். ஆல்பர்ட் கியர்பாக்ஸைச் சுமந்தது, எட்வர்ட் பி.எம்.டபிள்யூ. வி12 எஞ்சினையே சுமந்தது. நன்றாகச் சிந்தித்துக் கட்டிய எளிய இரும்புக் குழாய் சேஸிஸ் எவ்வளவு தாங்கும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

இந்தக் கலை பிரிட்டனில் வேரூன்றியதற்குச் சட்டமும் ஒரு காரணம். தனிநபர் கட்டிய ஒற்றைக் காரை ஐ.வி.ஏ. எனப்படும் தனி வாகன ஒப்புதல் சோதனையில் தேறச் செய்து, முறைப்படி பதிவு செய்து சாலையில் ஓட்ட அங்கே வழி உண்டு. காரைத் தாமே கட்டியதற்கு ஆதாரமாகப் படங்களையும் ரசீதுகளையும் கேட்பார்கள் என்பதால், முதல் குழாயை அறுக்கும் நாளிலிருந்தே அவற்றைச் சேர்த்துவைப்பது நல்லது. இந்தியாவில் அவ்வளவு எளிய பாதை இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுபெற்ற வாகனத்தைத் தயாரிப்பாளரின் விவரங்களிலிருந்து மாறும்படி திருத்துவதையே தடுக்கிறது. ஆகவே இங்கே கட்டுபவர், தம் காரைப் பந்தயத் தடத்தில் ஓட்டும் காராகக் கருதித் திட்டமிடுவதே நேர்மையான வழி. மாருதி எஞ்சினைக் கொண்டு பந்தயக் கார்களை உருவாக்கிய எஸ். கரிவரதனின் பெயரைத் தாங்கிய கோவைத் தடத்தில், கல்லூரி மாணவர்கள் தாம் கட்டிய கார்களோடு ஃபார்முலா பாரத் போட்டியில் இறங்குவது அதற்கு ஒரு முன்மாதிரி.

முதல் வேலை, இருக்கையில் அமர்வது. பிளைவுட் பலகைகளைக் கொண்டு இருக்கை, பெடல், ஸ்டீயரிங் ஆகியவற்றின் இடங்களை உண்மை அளவில் அமைத்து, தடத்தில் ஓட்டுவதாக இருந்தால் ஹெல்மெட்டையும் அணிந்துகொண்டு, வசதியாக இருக்கும்வரை மாற்றிப் பார்க்க வேண்டும். ஃபோர்டு ஜிடி40 காரின் உயரம் ஏறத்தாழ 40 அங்குலம், அதாவது 1016 மி.மீ. அதன் நான்காம் வடிவத்தில் 1967-ஆம் ஆண்டு லெ மான்ஸ் பந்தயத்தை வென்ற டான் கர்னி உயரமானவர் என்பதால், அவருடைய ஹெல்மெட்டுக்கு இடம்விட்டுக் கூரையில் ஒரு புடைப்பையே ஏற்படுத்த நேர்ந்தது.

அடுத்து முன்கண்ணாடி. லேமினேட் செய்த வளைந்த கண்ணாடியைப் புதிதாக வார்ப்பிப்பதற்கு ஆகும் செலவு ஒற்றைக் காருக்குக் கட்டுப்படியாகாது. எனவே விற்பனையில் உள்ள ஏதேனும் ஒரு காரின் கண்ணாடியைத் தேர்ந்து, அதன் வளைவைச் சுற்றியே கூரையை வரைய வேண்டும். ஹெட்லைட்டுக்கும் இதே விதி பொருந்தும். பிரிட்டனில் டிப் விளக்கு (எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்யாத தாழ்ஒளி) தரையிலிருந்து குறைந்தது 500 மி.மீ. உயரத்தில் இருக்க வேண்டும் என்பதால், மூக்கு எவ்வளவு தாழலாம் என்பதை உங்கள் பென்சிலுக்கு முன்பே சட்டம் முடிவு செய்துவிடுகிறது. டயர் அளவையும் இந்தக் கட்டத்திலேயே முடிவு செய்துவிடுங்கள்.

எஞ்சினை ஓட்டுநருக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே வைப்பதென்றால், எஞ்சினைவிட கியர்பாக்ஸைப் பற்றித்தான் அதிகம் யோசிக்க வேண்டும். செவ்ரோலெட் எல்.எஸ்.3 போன்ற 6.2 லிட்டர் வி8 எஞ்சின் ஏறத்தாழ 430 குதிரைத்திறனைத் தருகிறது; ஆனால் அந்த விசையைத் தாங்கி, இருபக்கச் சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்தளிக்கும் டிஃபரென்ஷியலையும் தன்னுள்ளே கொண்ட டிரான்ஸ்ஆக்சில் என்னும் கியர்பாக்ஸ் மலிவாகக் கிடைக்காது. போர்ஷே 911-இன் ஜி50 கியர் பெட்டி புகழ்பெற்றது. ஆனால் 911-இல் எஞ்சின் பின் ஆக்சிலுக்கும் பின்னால் இருப்பதால், அந்தப் பெட்டியை அப்படியே முன்பின்னாகத் திருப்பி நடு எஞ்சின் காரில் பொருத்தினால் ஐந்து ரிவர்ஸ் கியர்களும் ஒரு முன்னோக்கு கியரும்தான் கிடைக்கும். அதனால் அதைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பொருத்துகிறார்கள். அதற்கேற்ப உள்ளே எண்ணெய் பாயும் வழியையும் சரிசெய்கிறார்கள். எஞ்சின் நெடுக்குவாட்டில் முன் ஆக்சிலுக்கு முன்னால் அமைந்த ஆவ்டி கார்களின் பெட்டிக்கு இந்தச் சிக்கல் கிடையாது.

முதல் காரைக் கட்டுபவருக்கு என் பரிந்துரை வேறு. முன்சக்கர இயக்கம் கொண்ட ஒரு காரின் குறுக்குவாட்டு எஞ்சின், கியர்பாக்ஸ், சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்ட், எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈ.சி.யு., வயரிங் அனைத்தையும் ஒரே காரிலிருந்து முழுமையாக எடுத்து, இருக்கைக்குப் பின்னால் வைத்துவிடுங்கள். 1972-இல் வந்த ஃபியட் எக்ஸ்1/9 இந்த வழியில்தான் பிறந்தது. 1996-இல் வந்த லோட்டஸ் எலிஸும் ரோவர் எஞ்சினை இப்படித்தான் சுமந்தது. எலிஸின் எடை 750 கிலோவுக்கும் குறைவு. 200 குதிரைத்திறனே அந்த எடையில் ஒருவரை மிரள வைக்கப் போதுமானது.

இனி சஸ்பென்ஷன். இங்கே அவசரப்படுபவர் பின்னால் எவ்வளவு செலவழித்தாலும் நல்ல காரைப் பெற மாட்டார். சக்கரத்தைச் சேஸிஸோடு இணைக்கும் V வடிவக் கைகளான விஷ்போன்கள் இரண்டை மேலும் கீழுமாகக் கொண்ட அமைப்பே வீட்டில் செய்வதற்கும் திருத்துவதற்கும் உகந்தது. பால் ஜாயின்ட் (பந்து மூட்டு), ஹப் (சக்கரத்தைப் பூட்டும் மையப் பகுதி), பிரேக் ஆகியவற்றை ஒரு விற்பனைக் காரிலிருந்து எடுத்துக்கொண்டால் நாம் வரைய வேண்டியவை சேஸிஸில் பொருந்தும் உட்புறப் புள்ளிகள் மட்டுமே. அவற்றில் மிகுந்த கவனத்தைக் கோருவது பம்ப் ஸ்டீர், அதாவது சக்கரம் மேடுபள்ளத்தில் ஏறி இறங்கும்போது ஸ்டீயரிங்கைத் தொடாமலேயே அது தானாகத் திரும்பிவிடும் குறை. மேல் விஷ்போனின் கோட்டையும் கீழ் விஷ்போனின் கோட்டையும் நீட்டினால் அவை சந்திக்கும் புள்ளியை நோக்கியே, ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடின் கோடும் செல்ல வேண்டும். அதன் நீளமும் விஷ்போன்களுக்குப் பொருந்த வேண்டும்.

இதைக் கணினியில் சரிபார்த்தாலும் காரிலேயே அளந்துதான் நம்ப வேண்டும். ஸ்பிரிங்கைக் கழற்றி, ஸ்டீயரிங்கை நடுவில் அசையாமல் கட்டி, சக்கரத்துக்குப் பதிலாக ஹப்பில் ஒரு தட்டையான பலகையை போல்ட் செய்யுங்கள். பலகையின் முன்முனையிலும் பின்முனையிலும் நுண்ணிய நகர்வை அளக்கும் டயல் கேஜ் ஒவ்வொன்றை 400 மி.மீ. இடைவெளியில் தொடவைத்து, ஜாக்கியால் ஹப்பை 10 மி.மீ. 10 மி.மீ. ஆக உயர்த்திக்கொண்டே இரண்டு அளவுகளையும் எழுதிவர வேண்டும். இரண்டு கேஜ்களுக்கும் இடையே 1 மி.மீ. வேறுபாடு தோன்றினால் சக்கரம் சுமார் 0.14 டிகிரி திரும்பியிருக்கிறது என்று பொருள். அளவுகளை வரைபடமாக்கும்போது சாய்ந்த நேர்கோடு வந்தால் டை ராடின் ஒரு முனை தவறான உயரத்தில் உள்ளது. இருபக்கமும் ஒரே திசையில் வளைந்த கோடு வந்தால் அதன் நீளம் தவறு. ஸ்டீயரிங் ராக்கின் (டை ராடுகளை இடவலமாக நகர்த்தும் தண்டின்) அடியில் மெல்லிய தகடான ஷிம் வைத்துக் கோட்டை நிமிர்த்தும் இந்த ஒரு மாலை வேலை, அதிவேகத்தில் உங்கள் உயிரைக் காக்கும். இன்னொன்றையும் மறக்கக் கூடாது: ராடு எண்டின் (மரையிட்ட தண்டின் முனையில் மூட்டு கொண்ட இணைப்பின்) மரை, இழுவிசையையும் அழுத்தத்தையும் தாங்கும், வளைக்கும் விசையைத் தாங்காது. கீழ் விஷ்போனின் வெளிமுனையில் அதைப் போட்டு காரின் எடையையும் பிரேக் விசையையும் அதன் மரைமேல் ஏற்றுவது ஆபத்தானது.

சஸ்பென்ஷன் புள்ளிகள் முடிவான பின் சேஸிஸின் வேலை தெளிவாகிவிடும். அந்தப் புள்ளிகளை ஒன்றுக்கொன்று அசையாமல் பிடித்துவைப்பதே அது. சதுர இரும்புக் குழாய்களால் கட்டும்போது வெறும் செவ்வகமாக விடப்பட்ட ஒவ்வொரு இடமும் பலவீனமானது. மூலைவிட்டமாக ஒரு குழாய் சேர்ந்து முக்கோணமானால்தான் அது விறைக்கும். நடு எஞ்சின் காரில் எஞ்சின் அறையின் மேற்பகுதி திறந்திருப்பதால் முறுக்கம் அங்கேதான் நிகழும். எஞ்சினைத் தூக்க வசதியாகக் கழற்றிப் பூட்டும் குறுக்குக் குழாய்களை அங்கே கட்டாயம் வையுங்கள். பத்தில் ஒரு பங்கு அளவில் பால்சா குச்சிகளால் ஒரு மாதிரி செய்து கையால் முறுக்கிப் பார்த்தால், எந்த இடம் நெளிகிறது என்பது கண்ணுக்கே தெரியும்.

வெல்டிங்கைச் சமதளமான, கனமான மேசையின்மேல் செய்ய வேண்டும். சேஸிஸ் சட்டம் முழுவதையும் முதலில் டேக் வெல்டு (தற்காலிகமாகப் பிடிக்கும் சிறு புள்ளிப் பற்று) மட்டும் வைத்து நிறுத்தி, மூலைவிட்டங்களை அளந்து ஒப்பிட்டு, அதன் பிறகே முழு வெல்டிங்கை இடவலமாக மாறி மாறிச் செய்யுங்கள். ஒரே பக்கத்தை முடித்துக்கொண்டு வந்தால் சட்டம் அந்தப் பக்கம் இழுத்துக்கொள்ளும். சஸ்பென்ஷன் பிராக்கெட்டுகளை எல்லா வெல்டிங்கும் முடிந்து சட்டம் ஆறிய பின், அவற்றைச் சரியான இடத்தில் பிடித்துவைக்கும் ஜிக் வைத்துக் கடைசியில் பற்றவைக்க வேண்டும். நீங்கள் வெல்டிங்குக்குப் புதியவரானால், அறுப்பதும் டேக் வைப்பதும் உங்கள் கையால் இருக்கட்டும். இறுதி வெல்டிங்கைத் தேர்ந்த வெல்டரிடம் ஒப்படைப்பதில் குறையொன்றும் இல்லை.

முடிந்த சட்டத்தின் விறைப்பை வீட்டிலேயே அளக்கலாம். பின் சஸ்பென்ஷன் புள்ளிகளைத் தரையோடு இறுகப் பூட்டி, முன்புறத்தை நடுவில் ஒரு தாங்கியின்மேல் நிறுத்தி, குறுக்கே கட்டிய உத்தரத்தில் மையத்திலிருந்து 1 மீட்டர் தள்ளி 50 கிலோவைத் தொங்கவிட்டால், சுமார் 490 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை கிடைக்கும். மையத்திலிருந்து அரை மீட்டர் தள்ளி வைத்த டயல் கேஜ் 0.87 மி.மீ. காட்டினால் சட்டம் 0.1 டிகிரி முறுகியிருக்கிறது. அதாவது ஒரு டிகிரிக்கு 4900 நியூட்டன் மீட்டர். லோட்டஸ் எலிஸின் அலுமினிய சேஸிஸ் 68 கிலோ எடையில் ஏறத்தாழ இதைப்போல் இருமடங்கு விறைப்பைத் தருகிறது என்பதை இலக்காக மனத்தில் வைத்துக்கொள்ளலாம்.

பிரேக்கில் முன்சக்கரங்களுக்கும் பின்சக்கரங்களுக்கும் தனித்தனி மாஸ்டர் சிலிண்டர் (பெடல் விசையைத் திரவ அழுத்தமாக்கும் பாகம்) வைத்து, அந்த விசையை இரண்டுக்கும் பங்கிடும் பேலன்ஸ் பார் ஒன்றை இடையில் பொருத்துவது வழக்கம். எந்த நிலையிலும் முன்சக்கரம்தான் முதலில் சுழலாமல் பூட்டிக்கொள்ள வேண்டும். பின்சக்கரம் முந்தினால் கார் சுழன்றுவிடும். சரியான நிலை கிடைத்ததும் பேலன்ஸ் பாரை அசையாமல் பூட்டிவிடுங்கள், ஐ.வி.ஏ. சோதனையிலும் அதை எதிர்பார்ப்பார்கள். ரேடியேட்டர் முன்னாலும் எஞ்சின் பின்னாலும் இருப்பதால் நீண்ட குழாய்களில் காற்று தங்கிவிடும். ஒவ்வொரு உயர்ந்த புள்ளியிலும் காற்றை வெளியேற்றும் திருகு ஒன்றையும், எல்லாவற்றையும்விட உயரத்தில் ஒரு நீர்த்தொட்டியையும் வையுங்கள்.

இப்போதுதான் பாடியைப் பற்றி நினைக்கலாம். ஓடும் நிலையிலுள்ள சேஸிஸின்மேல் பிளைவுட் குறுக்குவெட்டுகளை நிறுத்தி, இடையே பாலியூரித்தேன் நுரையை நிரப்பி, தேய்த்து, புட்டி பூசி, உருவத்தை முழு அளவில் செதுக்க வேண்டும். விளக்கை மேற்பரப்புக்கு மிகத் தாழ்வாகப் பிடித்துப் பார்த்தால், கைக்குப் படாத பள்ளமும் நிழலாகத் தெரிந்துவிடும். பலமுறை மெழுகு பூசிய அந்த உருவத்தின்மேல் மேற்பூச்சான ஜெல்கோட்டும் கண்ணாடி இழைப் பாயும் ரெசினும் அடுக்கி மோல்டு எடுக்கிறோம். மோல்டு, அதிலிருந்து வரும் பாகத்தைவிட இரண்டு மூன்று மடங்கு தடிமனாக இருக்க வேண்டும்; முழுமையாக இறுகும்வரை பல நாள்கள் உருவத்தின் மேலேயே விட்டுவைக்க வேண்டும், இல்லையேல் கோணிவிடும். பாலியஸ்டர் ரெசினிலிருந்து எழும் ஸ்டைரீன் ஆவி உடலுக்குக் கேடு என்பதால் சாதாரண துணி முகமூடி போதாது. ஆவி வடிகட்டி பொருத்திய ரெஸ்பிரேட்டரும் காற்றோட்டமும் தேவை. வெளியே துருத்தும் ஓரங்களைக் குறைந்தது 2.5 மி.மீ. ஆரத்துக்கு உருட்டிவிடுங்கள், சோதனையில் பல கார்கள் தடுக்கி நிற்பது இத்தகைய சிறு விஷயங்களில்தான். பெரிய இறக்கைகளை அழகுக்காகப் பொருத்த வேண்டாம். பின்புறத்தை மட்டும் அழுத்தும் இறக்கை வேகத்தில் முன்சக்கரங்களின் பிடியைக் குறைத்துவிடும்.

முதல் ஓட்டத்தை, பாடியைப் பொருத்துவதற்கு முன், காலியான மூடிய இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கிளம்புவதற்கு முன் சஸ்பென்ஷன், ஸ்டீயரிங், பிரேக் ஆகியவற்றின் ஒவ்வொரு போல்ட்டையும் டார்க் ரெஞ்சால் இறுக்கி, போல்ட் தலையிலிருந்து பிராக்கெட் வரை ஒரு பெயின்ட் கோட்டை இழுத்துவிடுங்கள். நடை வேகத்தில் பிரேக்கைச் சோதித்து, சில நிமிடம் ஓட்டி நிறுத்தி, காரை ஸ்டாண்டில் ஏற்றி அடியில் படுத்துப் பாருங்கள். கோடு உடைந்திருக்கும் போல்ட்டை வெறுமனே மீண்டும் இறுக்கிவிட்டுப் போகாதீர்கள். அது ஏன் தளர்ந்தது என்று கண்டுபிடித்த பிறகே அடுத்த ஓட்டம்.