மேட்ச் நேரத்தில் சேனல் காணோமா? கேபிள்காரரைத் திட்டுவதற்கு முன்

முதலில் பக்கத்து வீட்டில் கேளுங்கள். அவர்களுக்கும் அதே கேபிள்தான், அங்கே ஸ்டார் ஸ்போர்ட்ஸ் தமிழ் வருகிறது, உங்களுக்கு மட்டும் வரவில்லை என்றால் அது உங்கள் பேக் விவகாரம். பணம் முடிந்திருக்கும், இல்லை பேக் மாற்றும்போது அந்தச் சேனல் விட்டுப்போயிருக்கும், ஒரு போனில் சரியாகிவிடும். ஆனால் தெரு முழுக்கப் போயிருக்கிறது, அதுவும் ஒரே கம்பெனியின் சேனல்கள் மொத்தமாகப் போயிருக்கின்றன, மற்றதெல்லாம் பளிச்சென்று ஓடுகிறது என்றால் ஒயரில் கோளாறு தேடாதீர்கள். மேலே இரண்டு பெரிய பார்ட்டிகள் காசுக்கு மல்லுக்கட்டுகிறார்கள்.

அப்போது வடசென்னையில் கொருக்குப்பேட்டையோ காசிமேடோ, எந்த ஏரியாவானாலும் முதல் திட்டு மாசாமாசம் வசூலுக்கு வருகிற கேபிள் அண்ணனுக்குத்தான். பாவம், அவர் கையில் ஒன்றும் இல்லை. சேனல் கம்பெனி சிக்னலை எம்.எஸ்.ஓ. என்கிற பெரிய கேபிள் நிறுவனத்துக்குக் கொடுக்கிறது, அங்கேயிருந்துதான் இவருக்கு வருகிறது, ஒப்பந்தம் அந்த இரண்டு பேருக்கு நடுவில். ஒருத்தர் விலையை ஏற்றிப் புது ஒப்பந்தத்தை நீட்டுவார், இன்னொருத்தர் கையெழுத்துப் போட மாட்டார், சிக்னல் கட். 2023 பிப்ரவரியில் இதுதான் நடந்தது. டிஸ்னி ஸ்டார், ஜீ, சோனி மூன்றும் கையெழுத்துப் போடாத கேபிள் நிறுவனங்களுக்குச் சிக்னலை நிறுத்தின, தில்லியில் ஆஸ்திரேலியாவோடு டெஸ்ட் நடந்துகொண்டிருந்த நேரம் அது. நாடு முழுக்க நாலரைக் கோடி வீடு பாதிக்கப்பட்டதாகக் கேபிள் நிறுவனங்களின் கூட்டமைப்பு சொன்னது. ஒரு வாரத்துக்குள் சமாதானமாகிவிட்டார்கள் என்பது நம் நல்ல நேரம். அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் பேஸ்பால் அணிக்கென்று 2014இல் தனிச் சேனல் தொடங்கினார்கள், விலை படியாமல் டைரக்டிவி என்கிற பெரிய டிடிஎச் நிறுவனம் அதை எடுத்ததே 2020 ஏப்ரலில்தான். ஆறு வருஷம் சொந்த ஊர் டீமைச் சொந்த ஊரிலேயே டிவியில் பார்க்க முடியாமல் எத்தனையோ பேர் இருந்தார்கள், நினைத்தாலே வயிறு எரிகிறது.

சரி, நாம் என்ன செய்யலாம்? எம்.எஸ்.ஓ.வின் கஸ்டமர் கேருக்குப் போன் போட்டுப் புகார் எண் வாங்குங்கள். கேபிள் அண்ணனிடம் சொன்னது புகாராகப் பதிவாகாது, இதை நிறையப் பேர் கவனிப்பதில்லை. டிவி சேனல்களுக்கும் விதி போடுகிற தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்தான் டிராய், அதன் விதிப்படி சிக்னலை நிறுத்துவதற்கு மூன்று வாரம் முன்பே எழுத்தில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும், பார்க்கிற நமக்கும் அந்தச் சேனலிலேயே கீழே ஓடுகிற வரியில் முன்கூட்டியே சொல்ல வேண்டும். அப்படி ஏதாவது ஓடியதா என்று கேளுங்கள். அப்புறம் பணம். வராத சேனலுக்குக் காசு கேட்கக்கூடாது, அதனால் எந்தத் தேதியில் சேனல் போனதோ அந்தத் தேதியில் டிவித் திரையை ஒரு போட்டோ எடுத்துவையுங்கள், பில்லில் அதைக் கழிக்கச் சொல்லுங்கள். பேக்குக்குள் வைக்கிற சேனலின் தனி விலை 19 ரூபாயைத் தாண்டக்கூடாது என்பது விதி, ஆகவே ‘சில்லறைதானே’ என்று விடத் தோன்றும். விடாதீர்கள், உங்கள் தெருவில் எத்தனை வீடு என்று ஒரு தடவை எண்ணிப் பாருங்கள். பதில் வராவிட்டால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். டிராய்க்கே எழுதலாம் என்பார்கள், ஆனால் தனி ஆள் புகாரை அது விசாரிப்பதில்லை.

இன்றைக்கு மேட்சை எப்படிப் பார்ப்பது என்பது வேறு கேள்வி. இந்திய ஆண்கள் அணியின் ஒருநாள், டி20 ஆட்டம் என்றால் 2007ஆம் வருஷச் சட்டப்படி அந்தச் சிக்னலைத் தூர்தர்ஷனோடு பகிர வேண்டும். ஆனால் உங்கள் கேபிளில் வருகிற டிடி ஸ்போர்ட்ஸைப் போட்டு ஏமாறாதீர்கள். அப்படிப் பகிர்ந்த ஆட்டத்தை ஆன்டெனாவில் வருகிற தூர்தர்ஷனின் சொந்த ஒளிபரப்பிலும் அதன் டிடிஎச் சேவையான டிடி ஃப்ரீ டிஷ்ஷிலும் மட்டும்தான் காட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017இல் சொல்லிவிட்டது. ஃப்ரீ டிஷ்ஷுக்கு மாதச் சந்தா கிடையாது, தட்டும் பாக்ஸும் வாங்கினால் போதும், வாங்கும்போது எம்பெக்-4 வகைப் பாக்ஸாகக் கேட்டு வாங்குங்கள். நம் ஊரில் தட்டு தென்கிழக்கு பார்த்து, கிட்டத்தட்ட வானத்தை அண்ணாந்து பார்க்கிற மாதிரி நிற்க வேண்டும், அதனால் வீடுகள் நெருக்கமாக இருக்கிற ராயபுரம் சந்துகளிலும் மொட்டை மாடியில் ஓர் ஓரம் கிடைத்தால் வேலை முடிந்தது. கடலோரம் என்றால் கிளாம்ப் சீக்கிரம் துருப்பிடிக்கும், பெயின்ட் அடித்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் படம் உறையும், அதற்கு யாரும் ஒன்றும் செய்ய முடியாது.

ஐபிஎல் அந்தச் சட்டத்துக்குள் வராது. வியாசர்பாடிப் பையன்கள் கண்விழித்துப் பார்க்கிற இங்கிலீஷ் பிரீமியர் லீகும் வராது. அதற்கெல்லாம் ஆப்தான். வருஷச் சந்தா கட்டிவிடாதீர்கள், சண்டை ஒரு வாரத்தில் முடிந்தால் காசு போச்சு, குறைந்த காலத் திட்டத்தை எடுங்கள். அதற்கும் முன்னால் உங்கள் மொபைல் ரீசார்ஜிலேயே அது சேர்ந்து வருகிறதா என்று பாருங்கள். டேட்டாவையும் கணக்குப் போடுங்கள், எச்.டி.யில் ஒரு மணி நேரத்துக்கு ஒன்றரை ஜிபியாவது தின்னும், டி20 முடிய மூன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும், தினம் 2 ஜிபி பேக் இடைவேளையைத் தாண்டாது. இன்னொரு கஷ்டம், ஆப்பில் படம் டிவியை விடப் பின்தங்கி வரும். எதிர் வீட்டில் டிடிஎச் இருந்தால் அவர்கள் ‘ஹே’ என்று கத்திய பிறகுதான் உங்கள் போனில் பவுலர் ஓடிவர ஆரம்பிப்பார். ஜன்னலைச் சாத்துவது தவிர இதற்கு வழி தெரியவில்லை.

கோபத்தில் உடனே டிடிஎச்சுக்கு மாறுவதை நான் சொல்ல மாட்டேன். ஒரு கம்பெனி பாக்ஸ் இன்னொன்றில் வேலை செய்யாது, நாளைக்கு அவர்களுக்கும் இதே சண்டை வரலாம்.

சேனல் திரும்பி வந்த அன்றைக்கு எல்லோரும் சந்தோஷத்தில் பில்லைப் பார்க்க மறந்துவிடுவார்கள். உங்கள் டிவியில் 999ஆம் எண் சேனலில் மற்றச் சேனல்களின் விலைகளைப் போடுவார்கள், அதில் பழைய விலையா புது விலையா என்று பாருங்கள். நீங்கள் கேட்காத பேக் எதையாவது உங்கள் கணக்கில் ஏற்றியிருந்தால் அந்த மாசமே எடுக்கச் சொல்லுங்கள், கழிக்கச் சொன்ன தொகை கழிந்திருக்கிறதா என்று அதே போனில் கேட்டுவிடுங்கள்.